முகத்துவாரத்தில் மூச்சை நிறுத்தும் படகு என்ஜின்: பச்சைக் களிம்புதான் வில்லன்!

புதுச்சேரி:

நடுக்கடலில் மணிக்கணக்கில் ஓடியும் மக்கர் பண்ணாத என்ஜின், கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பொசுக்கென்று நின்றுவிடும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குத் திரும்பும் படகுக்கு இதைவிட மோசமான இடம் வேறு கிடையாது.

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இந்த முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் 1980-களின் கடைசியில் கருங்கல் தடுப்புகள் போடப்பட்டன. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அது தடுப்பில் முட்டி, சுற்றி வந்து, வாயில் மேடாகிறது. தூர் வாரினாலும் மறுபடி சேர்கிறது. மேடு உள்ள இடத்தில் அலை உடையும்.

அதனால் படகோட்டிகள் வெளியே வேகத்தைக் குறைத்து நிற்பார்கள். பெரிய அலைகள் போனதும், இடைவெளி பார்த்து ரேஸ் கொடுத்து உள்ளே புகுவார்கள். அந்தக் காத்திருப்பு முழுக்க என்ஜின் ஐட்லிங்கில், அதாவது ஸ்லோவில் ஓடியாக வேண்டும். அங்கே ஆப் ஆனால் படகு திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். அடுத்த அலை கவிழ்க்கும், இல்லாவிட்டால் கருங்கல்லில் கொண்டுபோய் மோதும். மீனும் வலையும் போவது அப்புறம், முதலில் உயிர்.

ஸ்க்ரூ போச்சு, கரண்டு வந்தாச்சு

பழைய என்ஜினில் இது பெரிய விஷயமே இல்லை. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அரைச் சுற்று திருகினால் ஸ்லோ ஸ்பீடு சரியாகிவிடும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் நீளத் தண்டு டீசல் என்ஜினில் ஒயருக்கே வேலை கிடையாது.

எரிபொருளை கம்ப்யூட்டர் பீய்ச்சும் நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் நிலைமை வேறு. எண்ணெய் மிச்சம், புகை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் ஸ்லோ ஸ்பீடைப் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன மோட்டார் வால்வு. ஆக்சிலேட்டரை முழுசாக விட்டதும் காற்று போகும் வாசல் மூடிக்கொள்ளும். அப்போது பக்கத்துச் சந்து வழியாக கொஞ்சம் காற்றை விடுவதுதான் இந்த வால்வின் வேலை. எவ்வளவு விடுவது என்பதை இ.சி.யூ. எனும் கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். என்ஜின் சூடு, ஆக்சிலேட்டர் நிலை, சுற்றும் வேகம் மூன்றையும் சென்சார்கள் அதற்குச் சொல்லும். கியர் போட்டதும் லோடு ஏறும், பெட்டி காற்றைக் கூட்டும். இந்தச் சங்கிலியில் ஒரு ஒயர் விட்டாலும் என்ஜின் ஏறி இறங்கித் துடிக்கும், அல்லது நின்றே போகும்.

விசைப்படகிலும் தப்பிக்க முடியாது. பழைய மாடல் பம்ப் உள்ள டீசல் என்ஜினில் ஐட்லிங்கை கவர்னர் ஸ்பிரிங் கவனிக்கும். ஆனால் சில வகைகளில் டீசல் பாதையைத் திறந்து வைத்திருப்பது ஒரு சோலினாய்டு. கரண்டு இருக்கும் வரைதான் அது திறந்திருக்கும். ஸ்லோவில் ஆல்டர்னேட்டர் சார்ஜும் குறையும். பேட்டரி வீக், ஜாயிண்ட்டும் லூஸ் என்றால் சோலினாய்டு கையை விரித்துவிடும்.

முதல் பலி பர்ஸ்

கோளாறு வந்ததும் பெரும்பாலும் நடப்பது என்ன? வால்வை மாற்று, சென்சாரை மாற்று, கடைசியில் பெட்டியையே மாற்று என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. வட்டிக்கு வாங்கி எல்லாம் மாற்றியும் கோளாறு அப்படியே நிற்கும். காரணம், உப்புக் காற்று முதலில் தின்பது விலை கூடிய பெட்டியை அல்ல, கனெக்டரையும் எர்த் ஒயரையும்தான். கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வீட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இன்னும் மோசம். டேப்புக்குள் நுழைந்த உப்புத் தண்ணீர் வெளியே வராது, செம்பு உள்ளுக்குள்ளேயே மாவாகும். கடல் வேலைக்கு வெள்ளீயம் பூசிய ஒயர்தான் தாங்கும்.

சில நூறு ரூபாய் மல்டி மீட்டர் இருந்தால் பாதி கேஸ் கரையிலேயே முடிந்துவிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பில்டர் அடைத்திருக்கிறதா, வால்வுச் சந்தில் கரி பிடித்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரண்டு மேல் பழி போடுவது அதற்கப்புறம்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங்கில்தான் கோளாறு, ஐட்லிங் வால்வைத் திட்டிப் பயனில்லை. அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் போச்சு. இந்த ஒரு சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை.

வால்வைச் சோதிக்க, கனெக்டரைக் கழற்றி காயில் ஓம்ஸ் பார்க்கலாம். மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், புத்தகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். காயில் நன்றாக இருந்தால், என்ஜினை ஸ்லோவில் விட்டு ஒயர் கட்டை ஒவ்வொரு இடமாக ஆட்டிப் பார்க்கலாம். எந்த இடத்தில் ஆட்டும்போது என்ஜின் துள்ளுகிறதோ, திருடன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். எச்சரிக்கை விளக்கு இருக்கிற என்ஜினில் அது எத்தனை தடவை கண் சிமிட்டுகிறது என்று எண்ணினால் கோளாறு நம்பரே கிடைத்துவிடும்.

செய்யக் கூடாததும் உண்டு. ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மாசம் உப்பு இறங்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றினால் வோல்ட் எகிறி பெட்டியே காலியாகலாம்.

61 நாள் ஓய்வில் வளரும் களிம்பு

கிழக்குக் கடலில் 45 நாளாக இருந்த மீன்பிடி தடைக்காலம் 2017-ல் 61 நாளாக உயர்ந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பெயிண்ட், மரவேலை, வலைவேலை எல்லாம் அப்போது நடக்கும். ஒயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சும்மா நிற்கும் இரண்டு மாசத்தில் பேட்டரி இறங்கும், களிம்பு ஏறும். தடை முடிந்த முதல் பயணத்தில் என்ஜின் ஸ்லோவில் நிற்க மறுப்பதில் ஆச்சரியமே இல்லை.

2020-ல் தொடங்கிய மத்திய அரசின் மத்ஸய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதம் என மானியம் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் பொருளுக்குக் கிடைக்கும் மானியம் மெக்கானிக்கை உருவாக்காது. சென்னை ராயபுரத்தில் மத்திய அரசின் சிப்நெட் பயிற்சி மையம் இருக்கிறது, படகு என்ஜின் பிட்டர் படிப்பும் அங்கே உண்டு. வம்பாகீரப்பாளையத்திலும் வீராம்பட்டினத்திலும் பத்தாவது முடித்து கடலுக்குப் போகும் பையன்களில் நாலு பேரை அங்கே அனுப்பினால், ஊருக்கே மீட்டர் பிடிக்கத் தெரியும்.

அதுவரை படகுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடலுக்குக் கிளம்பும் முன், படகைத் துறைமுகத்திலேயே கட்டிவைத்து கால் மணி நேரம் ஸ்லோவில் ஓட விடலாம். லைட், வயர்லெஸ், பம்ப் எல்லாம் ஆனில் இருக்கட்டும். பத்து தடவை கியர் போட்டு எடுக்க வேண்டும். நிற்பதென்றால் அங்கேயே நிற்கட்டும்.