உறைக்குள் இருக்கும் கம்பளி

ஆகாய விமானத்தில் நெடுந்தூரம் இராப் பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கம்பளியும் சிறு தலையணையும் கொடுப்பது வழக்கம். கம்பளி பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையைக் கிழித்ததும், "புதுச் சலவை!" என்று நாம் திருப்தியுடன் கழுத்து வரையில் போர்த்திக் கொள்கிறோம். உறையின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்குத் தோன்றுவதில்லை.

விமானம் இறங்கியதும் கம்பளிகளையும், தலையணை உறைகளையும், ஆசனத்தில் தலை சாயும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கை ஏற்கும் சிறு துணிகளையும் மூட்டை கட்டிச் சலவைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். விமானமோ ஓரிரு மணி நேரத்தில் மறுபடியும் கிளம்ப வேண்டும், சலவைக்காகக் காத்திராது. ஆகையால் ஒரு தொகுதி விமானத்தில் இருக்கும்போது, வேறு தொகுதிகள் சலவையிலும் கிடங்கிலும் இருக்க வேண்டியிருக்கிறது. ஹாங்காங்கின் கதே பஸிபிக் கம்பெனிக்குச் சொந்தத்திலேயே ஒரு சலவைக் கம்பெனி உண்டு.

பெரிய சலவைச் சாலைகளில் குகை போன்ற நீண்ட யந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் நுழையும் அழுக்குத் துணி, அறை அறையாக நனைந்து, வெந்நீரில் துவைந்து, அலசப்பட்டு, மறுமுனையில் வெளிவருகிறது. பிறகு பிழிந்து, உலர்த்தி, மடித்து, உறையில் இடுகிறார்கள். நம் கிராமத்து வெள்ளாவிப் பானை இரவெல்லாம் வேக வைத்த காலம் எங்கே, இது எங்கே!

யந்திரத்தின் பேரில் நமக்குச் சந்தேகம் இல்லை. கம்பளி அதற்குள் போயிற்றா என்பதுதான் கேள்வி. வெறுமனே மடித்து உறையில் போடுவதற்கு யந்திரம் வேண்டாம். இரண்டு கைகள் போதுமே!

ரெயில் கம்பளிகள் மாதத்துக்கு ஒரு தடவையாவது சலவை செய்யப்படுகின்றன என்று 1924-இல் அல்ல, 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ரெயில்வே மந்திரி லோக் சபையில் தெரிவித்தார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். ஆயினும் அந்தப் பதிலால் ஒரு நன்மை விளைந்தது. உடன் கொடுக்கும் இரண்டு துப்பட்டிகளில் ஒன்றைக் கம்பளிக்கு உள்ளுறையாகப் போட்டுக் கொள்ள வேண்டும் என்பது பலருக்கு விளங்கிற்று. உண்மை தெரிந்தால் ஜனங்கள் தங்களைக் காத்துக் கொள்வார்கள்.

மருந்துப் புட்டியிலும் பிஸ்கோத்துப் பொட்டலத்திலும் தேதி அச்சிடுகிறார்கள். விமானக் கம்பளியின் உறையிலும் சலவைத் தேதியை அச்சிட்டால் என்ன? அதற்கு ஆகும் செலவு சொற்பம். போர்வை உடம்பைப் போர்த்தட்டும். உண்மையைப் போர்த்த வேண்டாம்.