நான் பிணை நிற்கவில்லை

லெக்சர் நேரம் தெரியாத நம்பரில் இருந்து ஆறு கோல். எடுக்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொம்பனித்தெருவில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே இருக்கிற அக்காவின் அடையாள அட்டை. அதன் கீழே சிங்களத்தில்: "இவ கள்ளி. கடனைக் கட்டச் சொல்லுங்க."

அக்கா ஏதோவொரு அப்பில் 15,000 ரூபா எடுத்திருக்கிறா. நான் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. அவவின் போனில் என் நம்பர் இருந்தது, அவ்வளவுதான்.

"அப் அனுமதி கேட்டது, அவதானே ஓம் எண்டு அமத்தினா" என்று நண்பன் ஒருத்தன் சொன்னான். சரி, தன்னுடைய விபரத்துக்கு அவ ஓம் சொல்லலாம். என்னுடைய நம்பருக்கு அவ எப்படி ஓம் சொல்றது? பிணையாளி என்றால் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கிற ஆள். இந்த அப்கள் கையெழுத்தே இல்லாமல் ஒரு தெருவையே பிணையாளி ஆக்குகின்றன.

தவணையை மெசேஜில் ஞாபகப்படுத்துவது பிழையில்லை. வாசலில் ஆள் வந்து நிற்பதைவிட எவ்வளவோ மேல். நுண்கடன் அறவிட வந்தவர்கள் வாசலில் என்ன செய்தார்கள் என்று கேட்டுத்தான் 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆனால் அந்த ஆளால் ஒரு நேரத்தில் ஒரு வாசலில்தான் நிற்க முடிந்தது. அப் நூறு வாசலில் நிற்கிறது.

"சட்டத்துக்கு உட்பட்டுத்தான் அறவிடுகிறோம்" என்கிறார்கள். எந்தச் சட்டம்? இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022இலேயே எழுதிவைத்துவிட்டது: கடன் அப் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது, காலை 8 மணிக்கு முதலும் இரவு 7 மணிக்குப் பிறகும் அறவிட கோல் எடுக்கக்கூடாது, கடனாளியின் நண்பர்களையும் குடும்பத்தையும் சீண்டக்கூடாது. அங்கேயும் களவு அப்கள் ஒழிந்துவிடவில்லை, ஆனால் கோடு எங்கே என்றாவது தெரியும். இங்கே மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களுக்குத்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டார்கள். நிறுவனங்கள் தயாராக அவகாசம் வேணுமாம். அக்காவுக்கு ஏழு நாள்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

கடன் வாங்கினால் கட்டத்தான் வேணும், அதில் எனக்கு விவாதம் இல்லை. ஆனால் மெசேஜ் கடனாளிக்கு மட்டும் போகட்டும். பகலில், அவவுக்கு விளங்கிற மொழியில், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டம் எவ்வளவு என்று பிரித்துப் போகட்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. நூறு பேருக்குப் படம் அனுப்பத் தெரிந்தவனுக்கு ஒருத்திக்குக் கணக்கு அனுப்பத் தெரியாதா?

அக்கா கடனை முடித்துவிட்டா. இப்பவும் படியில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போறா. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. முறைப்பாடு குடுக்க அவ சம்மதிச்சால் தேவைப்படும்.