பெரிய பெட்டி, சின்னக் குரல்



போன வருஷம் ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து இரண்டு மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். நடுவில் சின்னத் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம். என் மாமியார் வாசலிலேயே நின்று, "இன்னாடா இது, ரெண்டு ஆளைக் கூட்டிக்கினு வந்து நிக்க வெச்ச மாதிரி இருக்குது?" என்று கேட்டார்.

"ஸ்பீக்கரும்மா. பாட்டு கேக்க."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்! திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றின தெருவொன்றில் குடியிருக்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம். கார்த்திகை தீபம் வந்தால் பத்து நாளும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். அப்போது என் பெண்ணுக்கு ஏழு மாதம். அவளைத் தூங்க வைப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். "தெருவிலே கட்டற குழாய் போதாதா? வீட்டுக்குள்ளேயும் ஒண்ணு வேணுமா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை எடுத்து வைத்தார். பழைய ரேடியோப் பெட்டியில் இருக்குமே, கண்ணாடி வால்வு, அது நாலைந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. "இதோட பலம் மொத்தமே நாலு வாட்" என்றார். எங்கள் டிவிக்குக் கீழே இருந்த நீள ஸ்பீக்கரின் அட்டையில் நாற்பது வாட் என்று போட்டிருந்தது. நாற்பதுக்குப் பதில் நாலா, நல்லதாய்ப் போயிற்று, சத்தம் குறையும் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. ஆனால் கடைசியில் வீட்டில் சத்தம் குறையத்தான் குறைந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அடுப்பை வைத்துச் சொன்னால் நமக்குச் சுலபமாகப் புரியும். ஈர விறகு ஒரு கட்டு எரித்தாலும் உலை கொதிக்காது. நல்ல காய்ந்த சவுக்கு நாலு குச்சி போதும். ஸ்பீக்கரும் அப்படித்தான். நாம் கொடுக்கிற மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒலியாகிறது. மற்றதெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கரில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை என்றால் நம்புவீர்களா? ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று எத்தனை டெசிபல் கேட்கிறது என்று அளந்து சொல்வார்கள். சாதாரணப் பெட்டி 85 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டி 95. பத்துதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். பத்து டெசிபல் கூடினால் பத்து மடங்கு. சாதாரணப் பெட்டி பத்து வாட்டில் செய்கிற வேலையை இது ஒரே வாட்டில் செய்துவிடும். அடுத்த அறையில் குழந்தை தூங்கும்போது கேட்கிற அளவுக்கு வைத்தால், ஒரு வாட்டில் முந்நூறில் ஒரு பங்கு போதும்!

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்த காலத்தில், வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் கொடுத்தது கொஞ்ச வாட்தான். அதை வைத்துக்கொண்டு கொட்டகை நிறைய ஜனங்களுக்குக் கேட்க வைக்க வேண்டும். அதனால் பெரிய கொம்பு ஸ்பீக்கர் வைத்தார்கள். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கும் முன் கூரை மேல் குழாயில் பாட்டுப் போட்டு ஊரைக் கூப்பிடுவார்களே, அதுவும் அந்த ஜாதிதான். இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பவர் 1930-களில் அதை வீட்டு மூலையில் வைக்கிற மரப்பெட்டியாகவே செய்தார். பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. வாட் மலிவாகிவிட்டது. ஸ்பீக்கரைச் சின்னதாக்கி, அது தின்கிற மின்சாரத்தைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டார்கள். சின்னப் பெட்டி, ஆழமான தாழ்சுருதி, கொஞ்சம் மின்சாரம், இந்த மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்காது. இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பெட்டியின் அளவை விட்டுக்கொடுத்தோம். கூடத்தில் துணி மடிக்கிற ஸ்டூல் வெளியே போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதில் ஒரே ஒரு வட்டம்தான். மற்ற பெட்டிகளில் கீழ் ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இதில் தம்பூரா, குரல், தாளம் எல்லாம் ஒரே காகிதக் கூம்பிலிருந்து வர வேண்டும். நடுவில் சின்னதாக இன்னொரு கூம்பு ஒட்டியிருக்கும், மேல் ஒலிக்காக. பிலிப்ஸ் கம்பெனியார் முன்னாளில் இப்படி இரட்டைக் கூம்பு வைத்துச் செய்தார்கள். ஒரே வாயிலிருந்து வருவதால் குரல் மட்டும் அத்தனை இயல்பு! ஒருத்தர் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மெலிந்துதான் கேட்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் ஜிலுஜிலுவென்றிருக்கும், பக்கவாட்டில் போனால் மங்கிவிடும். சில பெண் குரல்கள் மேலே போகும்போது கத்துகிற மாதிரி இருக்கும். ஆம்ப்ளிஃபையரில் லேசான இரைச்சல் இருந்தாலும் அதையும் விடாமல் சொல்லிவிடும். வீட்டுக்காரர் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டில் டிவி எப்போதும் உரக்கத்தான் ஓடும். அதற்கு மேல் நான் பேச வேண்டும், என் பேச்சுக்கு மேல் குழந்தை அழ வேண்டும், குழந்தைக்கு மேல் குக்கர். இந்தப் பெட்டி வந்த பின், காலையில் வேலையோடு வேலையாகப் பாட்டு மெதுவாக ஓடும். மெதுவாக வைத்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதால் ஏற்றத் தோன்றவில்லை. டிவி தானாகவே குறைந்தது. வீடு அமைதியானது.

அப்படி அமைதியான ஒரு வாரத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் கேட்டார்: "ஏம்மா, பாட்டு நின்னுட்ச்சா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலு முழம் தள்ளி.

எனக்குத் திக்கென்றது. பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டிவியை உரக்க வைத்தது யார்? அவர்தான். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா அத்தே" என்றால் "யாரு வந்திருக்கா" என்பார். நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். போனில் பெண்ணோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். 'வயசாச்சு, யாரோடும் ஒட்டறதில்லை' என்று நானே என் அம்மாவிடம் குறை சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தது, அமைதி வந்ததும் வெளியே வந்துவிட்டது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஆடியோகிராம் எடுத்தார்கள். காதில் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக ஒலி கொடுத்து, கேட்கும்போது கை தூக்கச் சொல்கிற பரிசோதனை. வலியே கிடையாது. தாழ்ந்த சுருதிகள் ஓரளவு கேட்கிறது, உயர்ந்த சுருதிகள் போய்விட்டன என்றார். வயதாகும்போது பெரும்பாலும் இப்படித்தான் போகுமாம். சொல்லின் உயிர் ஒலிகள் கேட்கும். ச, த, ப போன்றவை நழுவிவிடும். "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு தெரியலே" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. உரக்கக் கத்தினால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குப் பெரிய ஒலி திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். 'கேக்கலே, கேக்கலே' என்றவரே உடனே 'ஏன் இப்படிக் கத்தறே' என்றால் நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். பாவம், இரண்டும் நிஜம்தான். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் பாதிச் சிரமம் தீரும். மீதிக்குக் காது மிஷின். அரசு ஆஸ்பத்திரியில் காது பிரிவில் விசாரியுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு மிஷின் கொடுக்கிற அரசுத் திட்டங்கள் இருக்கின்றன.

இதே காரணத்துக்காகச் சின்னக் குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். சதா இரைச்சலாயிருக்கிற வீட்டில் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதே தெரியாமல் போய்விடும். பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் தூக்கிப்போட வேண்டும். ஆறு மாத வாக்கில் சத்தம் வருகிற பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'எங்க வீட்டிலே எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் வைத்தியம் தொடங்குவது, இதுதான் டாக்டர்கள் சொல்கிற கணக்கு.

பெட்டியைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைப்பீர்கள். அதன் இன்னொரு முகத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். காலேஜில் படிக்கும் நாத்தனார் மகன் வந்திருந்தான். "அத்தே, இதுலே ஒரு குத்துப்பாட்டு போட்டுப் பாக்கட்டா?" என்று போனை இணைத்துக் குமிழை ஒரே திருப்பாகத் திருப்பினான். நாலு வாட்தானே என்ற நினைப்பு! சமையலறையில் இருந்த எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. பெட்டிக்கு முன்னால் பாயில் கிடந்த குழந்தை வீறிட்டு, முகம் சிவந்து, அரை மணி ஆனது அடங்க. கணக்குப் பார்த்தால், முழுவதும் திருப்பினால் ஒரு மீட்டரில் 100 டெசிபல் தாண்டிவிடும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபல் வரைக்கும். குழந்தைகளுக்கு 75. 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 ஆனால் வெறும் 20 நிமிஷம். காய்ந்த விறகு சீக்கிரம் பிடிக்கும் என்றேனே, பற்றிக்கொண்டாலும் அதே வேகம்தான்.

அன்றே குமிழில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அதைத் தாண்டி யாரும் திருப்பக்கூடாது. போனை இணைத்தால் முதலில் குமிழைக் கீழே இறக்கிவிட வேண்டும். குழந்தையின் பாய் பெட்டிக்கு நேர் எதிரே கிடையாது. ஓர் அடி தள்ளிப் போனாலும் அத்தனைக்கத்தனை நல்லது.

வீட்டில் வைத்துக்கொள்வதில் இன்னும் சில ஜாக்கிரதைகள். உயரப் பெட்டி ஆதலால் தவழ்ந்து எழுந்து நிற்கிற குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். பின்னால் எல் வடிவத் தகடு போட்டுச் சுவரோடு திருகிவிட்டோம். காகிதக் கூம்பில் விரல் விட்டால் பொத்தல்தான், எனவே முன்னால் துணி கட்டாயம். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை அதன் மேல் படியாமல் பூஜை மாடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கிற காந்தம் பலமானது, ஊக்கும் குண்டூசியும் பக்கத்தில் வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபையர் கை சுடும். உள்ளே சில நூறு வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கம்பிக் கூண்டு இல்லாமல் குழந்தை இருக்கிற வீட்டில் அதை வைக்கவே வேண்டாம், மூடியைத் திறக்கிற வேலையும் வேண்டாம். மொசைக் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கிக் குரல் இன்னும் தெளியும். இது காசில்லாத வைத்தியம், எந்த ஸ்பீக்கருக்கும் செய்யலாம்.

'நாங்களும் வாங்கலாமா' என்று கேட்டால், வாடகை வீட்டில், கூடம் பத்துக்குப் பத்து என்றால் வேண்டாம் என்பேன். இருக்கிற டிவியின் சத்தத்தை ஒரு வாரம் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். யார் குறை சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

மாமியாருக்கு மிஷின் வந்து முதல் பத்து நாள் சண்டைதான். "தட்டு வெச்சா இடி வுயுது" என்பார். பிறகு பழகிவிட்டது. அந்த வருஷ தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலை மேல் ஜோதி தெரிந்ததும் தெருவெல்லாம் அரோகரா கோஷம். கூடவே எதிர்க் கம்பத்துக் குழாயில் அலறல் ஆரம்பித்தது. குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். மாமியார் நிதானமாக மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார்.

"எனக்கு நிம்மதி. உனக்குத்தான் கய்ட்ட முடியாது, பாவம்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக் கையைக் குவித்தார்.