எட்டு மதிப்பெண்ணில் நிற்கும் நோயாளி

புற்று பரவிய தொடை எலும்பு தாங்குமா, முறியுமா? கேள்வி எழுந்ததும் பல ஆர்த்தோ பிரிவுகளில் முதலில் போடப்படுவது மிரெல்ஸ் கணக்கு. புண் இருக்கும் இடம், வலி, எலும்பு அரித்திருக்கிறதா கெட்டிப்பட்டிருக்கிறதா என்பது, புண்ணின் அளவு: நான்குக்கும் 1 முதல் 3 வரை, மொத்தம் 12. கூட்டினால் 7 வரை கதிர்வீச்சும் கண்காணிப்பும். 9 வந்துவிட்டால் முறியும் முன்பே எலும்புக்குள் ஆணி.

இடையில் வரும் 8தான் வழக்கு.

1989இல் மிரெல்ஸ் எடுத்துக்கொண்டது 38 நோயாளிகளின் 78 புண்களை. எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சு தரப்பட்டது. ஆணி எதற்கும் வைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் 27 இடங்களில் முறிவு. 8 பெற்றவற்றில் முறிந்தவை 15 விழுக்காடு, 9 பெற்றவற்றில் 33. அந்த 9இல்கூட மூன்றில் இரண்டு எலும்புகள் ஆணியில்லாமலே தாங்கின. 2003இல் டேம்ரன் குழு மருத்துவர்களிடம் மாதிரி நேர்வுகளைக் கொடுத்துச் சோதித்தபோது, முறியும் எலும்பில் 91 விழுக்காட்டைக் கணக்கு பிடித்துவிட்டது. முறியாததை முறியாது என்று சொன்னதோ 35 விழுக்காட்டில்தான். தேவையற்ற ஆணி என்றால் மயக்க மருந்து, தொற்று, தள்ளிப்போகும் கீமோ.

நான்கு கூறுகளில் தடுமாறுவது வலிதான். காலூன்றும்போது வலித்தால் முழு 3 மதிப்பெண். ஆனால் மார்ஃபினில் இருப்பவர் என்ன சொல்வார்? முதுகுத்தண்டு நோயால் வாரக்கணக்கில் படுத்திருப்பவர் காலை ஊன்றியதே இல்லையே! வலியில்லை என்று அவருக்கு 1 போடுவது கணக்கை நிரப்புவதாகும், எலும்பைச் சோதித்ததாகாது. அதை எழுதுமுன் அவர் கடைசியாக எப்போது நடந்தார் என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கணக்கு நம்பும் எக்ஸ்ரே படமும் பழையது. எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். டச்சு ஆய்வாளர் வான் டெர் லிண்டன் 2004இல் 110 தொடை எலும்புப் புண்களை ஆராய்ந்து, எலும்பின் கெட்டியான வெளி ஓடான புறணி நீளவாக்கில் 30 மில்லிமீட்டருக்கு மேல் அரிக்கப்பட்டிருப்பதே முறிவுக்கு வலுவான அறிகுறி என்றார். ஸ்கேல் வைத்தே அளக்கக்கூடிய எண். டேம்ரனின் 2016 பல்மைய ஆய்வில், சிடியிலிருந்து எலும்பின் விறைப்பைக் கணக்கிடும் முறை முறிவு எதையும் தவறவிடவில்லை. மிரெல்ஸ் மூன்றில் ஒன்றைத் தவறவிட்டது.

விறைப்பைக் கணக்கிடும் மென்பொருள் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் புற்று எவ்வளவு பரவியது என்று பார்க்க எடுத்த சிடி, பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கிறது. தொடை எலும்பு அதில் விழுந்திருந்தால், புறணி எவ்வளவு நீளம் அரித்திருக்கிறது, சுற்றளவில் எவ்வளவு போயிருக்கிறது என்ற இரண்டு அளவுகளை ரேடியாலஜி அறிக்கையிலேயே எழுதிவிடலாம். ‘அரிப்புப் புண் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு வரும் அறிக்கையை, அளவு கேட்டுத் திருப்பி அனுப்புவதில் ஆர்த்தோ மருத்துவர்கள் தயங்கத் தேவையில்லை.