திண்ணைகள் காட்சிப்பொருள் ஆகலாமா?

திருவனந்தபுரம் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011-ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் திறக்கப்பட்டபோது நாடே வியப்பில் ஆழ்ந்தது. அங்கிருந்த பொன்னும் மணியும் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற வழக்கு, 2020 ஜூலையில் தீர்ப்பு வெளியாகும் வரை தலைநகர் தில்லியில் நடைபெற்றது. அதே கோயிலிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இன்னொரு செல்வம் இருக்கிறது. அதற்குக் காவலும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. அதன் பெயர் வலியசாலை.

சாலைக் கடைத்தெருவின் இரைச்சலைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் திரும்பினால், காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி நீள்கிறது இந்த அக்கிரகாரம். இருமருங்கிலும் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். முகப்பு குறுகியது, உள்ளே போகப்போக நீள்வது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கடைசியில் கொல்லைத் தோட்டம் என்று நம் தஞ்சை, நெல்லைச் சீமைகளின் வீட்டமைப்பே, கேரள மழைக்கேற்ற சரிந்த கூரையோடு இங்கு நிலைபெற்றிருக்கிறது. தமிழகத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள் தங்கள் மொழியையும் கோலத்தையும் மட்டுமல்ல, வீடு கட்டும் முறையையும் உடன் கொண்டுவந்தார்கள்.

வலியசாலை என்ற பெயரிலேயே வரலாறு ஒளிந்திருக்கிறது. முதலாம் ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் அவனுடைய முதன்மையான சாதனையாகக் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததைக் கூறுகின்றன. கலம் என்பது கப்பலா, உண்கலமா, வேறு ஏதேனுமா என்பது பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே ஓர் ஆய்வு நூல் எழுதினார். அந்தச் சாலை கல்விச்சாலை என்று கொள்வோருக்கு வலுவான சான்று, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு. பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்களுக்காக அவன் அமைத்த சாலை, காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றியது என்று அது தெரிவிக்கிறது. அந்தச் சாலை இருந்த இடம் இதுதான் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் வலியசாலை, ஆரியசாலை, சாலை எனப் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களில் அந்த நினைவு ஒட்டிக்கொண்டிருப்பதை மறுக்க இயலாது.

இத்தகைய தெருக்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் சுற்றுலா இன்று உலகெங்கும் பெருகி வருகிறது. பேருந்தில் ஏறி, இறங்கி, படமெடுத்துவிட்டுத் திரும்பும் பயணத்தில் சலிப்புற்றவர்கள், பழைய வீடுகளையும் தோட்டங்களையும் நிதானமாக நடந்து பார்ப்பதையே விடுமுறையாகக் கொள்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு முன்னோடி ஆமதாபாத். 1997-ஆம் ஆண்டு நவம்பரில் அந்த மாநகராட்சி தொடங்கிய மரபு நடை, காலுப்பூர் சுவாமி நாராயண் கோயிலில் புறப்பட்டு, போல் எனப்படும் குடியிருப்புச் சந்துகள் வழியாக ஜும்மா மசூதியில் முடிகிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017-இல், இந்தியாவின் முதல் உலக மரபுரிமை நகரமாக ஆமதாபாத் யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. நடையினால் மட்டுமே அந்தப் பெருமை வந்துவிடவில்லை. ஆனால், தங்கள் சந்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணத்தை அங்கு வாழ்பவர்களிடம் விதைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் வலியசாலையிலும் நடைச் சுற்றுலாவை உடனே தொடங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தொடங்கலாம். ஆனால், அதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். நடப்பவர் பார்க்கப்போவது அருங்காட்சியகத்தை அல்ல. ஒருவர் வாழும் வீட்டை. அந்த வீட்டின் செல்லரித்த உத்தரத்தை மாற்றுவது யார்?

ஓட்டு வீட்டைப் பராமரிப்பது எளிதல்ல. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும். அதற்குப் பழகிய கையுள்ள தச்சர்களும் கொத்தனார்களும் குறைந்து வருகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் நீண்ட வீட்டைக் காத்துக் கொண்டிருக்கும் நிலை எந்த அக்கிரகாரத்துக்கும் புதிதல்ல. அவர்களுக்குப் பின் வீடு பூட்டப்படும். பிறகு விலை பேசப்படும். பொதுச்சுவரால் இணைந்த வரிசையில் ஒரு வீட்டை இடித்தால், அண்டை வீடுகளின் சுவரும் கூரையும் சேர்ந்தே பாதிக்கப்படும். இங்கு ஒருவரின் விற்பனை இன்னொருவரின் விரிசல்.

இந்நிலையில் சட்டம் என்ன செய்கிறது? அரசியல் சாசனத்தின் 49-ஆவது பிரிவு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் அதற்காகவே இயற்றப்பட்டது. 2010-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கோட்டைக்கும் கல்லறைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சமையலறையில் குழாய் மாற்ற வேண்டிய குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? ஆகவேதான் மரபுச் சின்னம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டு உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். பட்டயம் சுவரில் ஏறும். உரிமை கையை விட்டுப் போகும் என்பது அவர்கள் அச்சம்.

இந்த அச்சம் சாமானியர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஷாஜஹானாபாத்தையும் லூட்யன்ஸ் தில்லியையும் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கக் கோரி யுனெஸ்கோவுக்கு அனுப்பப்பட்டிருந்த விண்ணப்பத்தை, பரிசீலனைக்குச் சில வாரங்களே இருந்தபோது 2015-இல் மத்திய அரசே திரும்பப் பெற்றது. நகரின் உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அது தடையாகும் என்பதே கூறப்பட்ட காரணம். தலைநகரை ஆள்வோருக்கே அந்தத் தயக்கம் என்றால், வலியசாலையில் ஐந்து சென்ட் மனையும் ஒரு பழைய கூரையும் மட்டுமே சொத்தாகக் கொண்டவரை எப்படிக் குறைகூற முடியும்?

மத்திய அரசின் திட்டங்களும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. மரபு நகரங்களுக்கென 2015-இல் தொடங்கப்பட்ட ஹிருதய் திட்டத்தில் காஞ்சிபுரம், வேளாங்கண்ணி உள்பட 12 நகரங்கள் இடம்பெற்றன. கேரளத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. அத்திட்டமும் 2019 மார்ச்சில் முடிவுக்கு வந்துவிட்டது. அதில்கூடப் பெரும்பாலான பணம் சாலை, விளக்கு, குளக்கரை, தகவல் மையம் போன்ற பொது இடங்களுக்கே சென்றது. தனியார் வீட்டுக் கூரைக்கு அரசுப் பணம் செலவழிக்க விதிமுறையில் இடமில்லை. தெரு பளபளக்கும்; வீடு ஒழுகும்.

பிற நாடுகள் இச்சிக்கலுக்கு வழி கண்டிருக்கின்றன. 1895-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட தேசிய அறக்கட்டளை, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பராமரிக்க இயலாத பழைய மாளிகையையும் தோட்டத்தையும் குடும்பத்தினர் அறக்கட்டளைக்கு அளித்துவிட்டு, அங்கேயே தொடர்ந்து வாழலாம். குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். பிரான்ஸில் 1984-இல் தொடங்கிய மரபு தினங்களின்போது, வழக்கமாகப் பூட்டியிருக்கும் கதவுகள் ஆண்டுக்கு ஒரு வாரஇறுதியில் மக்களுக்காகத் திறக்கின்றன. இவை இரண்டிலும் பார்ப்பவரின் ஆர்வத்துக்கும் வாழ்பவரின் அமைதிக்கும் இடையே ஒரு வரம்பு உண்டு. வரம்பு தவறினால் என்னவாகும் என்பதற்கு வெனிஸ் நகரமே சாட்சி. அங்கு பழைய நகரில் வாழ்வோர் எண்ணிக்கை 2022-இல் 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பகலில் வந்துபோவோரிடம் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறையை 2024-இல் அந்நகரம் கொண்டுவர நேர்ந்தது. சுற்றுலா வென்ற இடத்தில் ஊர் தோற்றது.

நாமும் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கற்க வேண்டியதில்லை. வழிகாட்டியும் வழித்தடமும் உள்ள ஒரு நடை, ஒவ்வோர் ஆண்டும் வலியசாலையின் வாசலுக்கே வந்து சேர்கிறது. நவராத்திரியை முன்னிட்டு, கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகளும் ஊர்வலமாகப் புறப்படுகின்றன. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, கரமனை வழியாகத் தலைநகரை அடைகின்றன. சரஸ்வதி நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக்கும், நங்கை செந்திட்டைக்கும் செல்கிறார்கள். பின்னிரண்டும் வலியசாலைக்கு மிக அருகில் உள்ளவை. இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செலுத்தும் இந்த நடைக்கு எல்லைச் சோதனைச் சாவடி தடையாக இருந்ததில்லை.

இதே வழித்தடத்தில் ஆண்டு முழுவதும் சிறு குழுக்கள் நடந்தால் என்ன? தமிழகத்து மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் தொடங்கலாம். வழியில் பாலராமபுரத்தின் நெசவுத் தெருக்கள். நகரில் சுவாதித் திருநாள் எழுப்பிய குதிரைமாளிகை. சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோமின் கைவண்ணத்தில் 1880-இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகமும் அதைச் சூழ்ந்த பூங்காவும். மனோன்மணியம் தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வாழ்ந்த பேரூர்க்கடை. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்திய, 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவனின் உலகம். இவையெல்லாம் வந்து சேரும் இடமாக வலியசாலை அமையும்.

அப்படி நடக்கும்போது வழிகாட்டி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தெருக்களில் நடப்பது எல்லோருக்கும் எப்போதும் உரியதாக இருந்ததில்லை. பொதுவழியில் செல்லும் உரிமைக்காக அய்யன்காளி 1893-இல் வில்வண்டியில் ஏறினார். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்பதற்காகவே 1924-25-இல் வைக்கம் போராட்டம் நடைபெற்றது. தந்தை பெரியார் சிறை சென்றார். 1936 நவம்பர் 12-இல்தான் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. திண்ணையின் அழகைச் சொல்லிவிட்டு, அந்தத் திண்ணையில் யார் அமர முடியாது என்பதை மறைத்தால் அது மரபு நடை ஆகாது, விளம்பர நடைதான்.

செய்ய வேண்டியவை என்ன? முதலாவதாக, வலியசாலையின் வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சியும் குடியிருப்போரும் இணைந்தால், 1939 முதல் இயங்கிவரும் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாம். இரண்டாவதாக, எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த வாசல் வரை வரலாம் என்பதைத் தெருவில் வாழ்பவர்களே முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும். கட்டணம் கூரைக்கும் பொதுச்சுவருக்குமான நிதியில் சேரட்டும். 2008-இல் கோவளம், குமரகம் உள்ளிட்ட நான்கு இடங்களில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கி, வருவாயின் ஒரு பகுதியை உள்ளூர் மக்களிடம் சேர்த்த கேரளத்துக்கு இது புதிய பாடமல்ல.

மூன்றாவதாக, பழைய வீட்டைக் காப்பவருக்குச் சொத்துவரிச் சலுகையும், மாற்று மேம்பாட்டு உரிமையும் அளிக்கப்பட வேண்டும். தன் மனையில் மாடி எழுப்பாமல் விட்டுக்கொடுப்பவர், அந்த உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை மும்பையும் ஆமதாபாத்தும் ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியுள்ளன. நான்காவதாக, மக்கள் வாழும் மரபு வீடுகளுக்கென, தொல்சின்னங்கள் சட்டத்திலிருந்து வேறுபட்ட ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு உருவாக்கி மாநிலங்களுக்கு அளிக்க வேண்டும். காரைக்குடியின் செட்டிநாட்டு வீடுகளுக்கும், பாலக்காடு கல்பாத்திக்கும், பழைய தில்லியின் ஹவேலிகளுக்கும் அது ஒருசேரப் பயன்படும்.

தனியார் சொத்துக்கு மக்கள் வரிப்பணமா என்ற ஆட்சேபம் எழக்கூடும். அந்த வீடுகளைக் காட்டி விமான நிலையத்திலும் விளம்பரப் பலகையிலும் அரசு பயணிகளை அழைக்கும்போது, அவை பொதுச் சொத்தாகிவிடுகின்றன. பெருமை பொது, செலவு மட்டும் தனியார் என்பது என்ன நியாயம்?

பத்மநாபசுவாமியின் நிலவறைகளில் உள்ள பொன் நூறு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தாலும் பொன்னாகவே இருக்கும். வலியசாலையின் வீடு இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்தால் போதும், கூரை இறங்கிவிடும். முன்னதற்கு உச்சநீதிமன்றம் வரை சென்று கவலைப்பட்ட நாம், பின்னதற்காக ஒரு சட்டம் இயற்றவும் ஒரு நிதியை ஒதுக்கவும் இயலாதவர்களா? வருபவர்கள் நடந்து பார்க்கட்டும். ஆனால், அவர்கள் வரும்போது அந்த வாசலில் கோலமிட ஒருவர் இருக்க வேண்டும்.