போகாதே என்று சொல்லுமுன்...

தில்லியில் வாழும் நமக்கு ஊருக்குப் போவது என்றால் ரயில்தான். அதே ஜி.டி., அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், அதே புளியோதரைப் பொட்டலம். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினோம், விஜயவாடாவில் இட்லி வந்தது என்பதோடு நம் பாரத தரிசனம் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில், சென்ற ஜனவரியில் என் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வயது 22. "அப்பா, அடுத்த பொங்கலுக்குத் தாத்தா வீட்டுக்கு நான் சைக்கிளில் போகப் போகிறேன்." தாத்தா வீடு இருப்பதோ கோவில்பட்டிக்குப் பக்கத்தில்! கூட வருவது கல்லூரித் தோழியர் இருவர்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன். ஏன் என்றாள். லாரி, வெயில், திருட்டு, பெண் பிள்ளை என்று அடுக்கினேன். அவள் வாதாடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து என் முன் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியதைத்தான் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். இப்படிக் கேட்கும் பிள்ளைகளிடம் "ஏன் போகிறாய்?" என்று கேட்டால் அது சண்டையில் முடியும். "எப்படிப் போவாய்?" என்று கேட்டால் பிள்ளையின் பொறுப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பெற்றோர் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் வழி. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் தில்லி வழியாகத்தான் போகிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், சேலம், மதுரை. கோவில்பட்டிக்கு ஏறத்தாழ 2,650 கி.மீ. நாளுக்கு 100 கி.மீ. வீதம் 27 நாள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நான் முதலில் பேனாவை வைத்தது இங்கேதான். ஒரு நாள் 100 கி.மீ. ஓட்டலாம்; தினமும் ஓட்ட முடியுமா? ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு செயின் அறுந்தால், மொத்தக் கணக்கும் சரிந்துவிடும். பிறகு தோழியர் மூவரும் உட்கார்ந்து நாளுக்கு 70 கி.மீ., ஆறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்று மாற்றினார்கள். 38 நாள் ஓட்டம், 6 நாள் ஓய்வு. நவம்பர் 25 கிளம்பினால் ஜனவரி 7 வாக்கில் ஊர். பொங்கலுக்கு ஒரு வாரம் கையிருப்பு. ரயில் டிக்கெட்டுக்கே இரண்டு மாதம் முன்னால் யோசிக்கும் நமக்கு இந்தக் கையிருப்பின் அருமை தெரியாதா?

தேதியிலும் ஒரு விஷயம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் தில்லியில் புகை. மூச்சு விடுவதே கஷ்டம். டிசம்பர் கடைசியில் கிளம்பினால் ஆக்ரா, குவாலியர் பக்கம் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. நவம்பர் 25 கிளம்பினால், பனி இறுகும் டிசம்பர் நடுவில் நாக்பூரைத் தாண்டியிருப்பார்கள். ஓசூரில் நுழையும்போது வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

அடுத்தது மூட்டை. பிப்ரவரி கடைசியில் மதுரா வரை போய்த் திரும்பி ஒத்திகை பார்த்தார்கள். போகும்போது ஆளுக்கு 18 கிலோ. திரும்பி வந்ததும், பையிலிருந்து எடுக்கவே எடுக்காத சாமான்களை ஒரு பக்கம் குவித்தார்கள். இப்போது 11 கிலோ. வழியில் கேரியர் திருகாணி ஒன்று கழன்று விழுந்து, துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து பட்டியலில் உபரித் திருகாணிகளும் பிரேக் கம்பியும் சேர்ந்தன. ஊர்க் கடைப் பம்பு பொருந்தாத வால்வுள்ள டியூபையும் மாற்றிவிட்டார்கள். சிறிய ஊரில் பஞ்சர் கடைக்காரர்தான் தெய்வம். அவருக்குத் தெரிந்த சாமானோடு போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். என் பயம் வீண் பயமல்ல. அதனால்தான் சில நிபந்தனைகள் போட்டேன். விடியுமுன் ஓட்டக் கூடாது. மாலை நான்கு மணிக்கு அன்றைய ஊரில் இருக்க வேண்டும். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில்தான் போக வேண்டும். சியோனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் புலிக் காட்டை ஒட்டிய பகுதியில் நல்ல பகலில் மட்டுமே போக வேண்டும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கம் லாரி விபத்துகளுக்குப் பெயர் போனது. அங்கே சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு கடக்க வேண்டும். "அப்படியானால் முழுக்கச் சைக்கிளில் போனதாக ஆகாதே!" என்றாள். "ஆகாவிட்டால் போகட்டும்" என்றேன். ஒப்புக்கொண்டாள். எனக்குப் பாதி தைரியம் வந்தது அப்போதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்பார்கள் சிலர். 1923இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பார்சி இளைஞர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் உலகத்தையே சுற்றிவிட்டு 1928இல் திரும்பினார்கள். கையில் போனும் இல்லை, போகுமிடமெல்லாம் சாலையும் இல்லை.

இனி நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஜான்சியிலும் நாக்பூரிலும் ரயில்வேயில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஹைதராபாத், பெங்களூர் பற்றிச் சொல்லவே வேண்டாம். நமக்கெல்லாம் அங்கே யாராவது ஒரு உறவோ, பழைய சகாவோ இருப்பார்கள். பிரயாணம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை ரசம் சாதமும் படுக்க ஒரு பாயும் தரச் சம்மதிப்பவர்களின் பட்டியலைச் சங்கம் தயாரித்து வைக்கலாமே! பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. திரும்பி வரும்போது இருக்கவே இருக்கிறது, கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ்.

என் தகப்பனாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வரட்டும்யா. இருட்டினப்புறம் மட்டும் ஓட்ட வேண்டாம்னு சொல்லு" என்றார்.

நான் நோட்டு முழுவதும் படித்துச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நவம்பர் 25 காலை என் மனைவியும் நானும் வாசலில் நிற்போம். பயம் அன்றைக்கும் இருக்கும். ஆனால் "போகாதே" என்று சொல்ல மாட்டோம்.