விடுபட்ட நாளை விலைக்கு வாங்க இயலாது

கொல்கத்தாவின் அலிப்பூரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மண்டல மையம் இயங்குகிறது. 1864-இல் அந்நகரைச் சூறையாடிய புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பொய்த்த பருவமழையுமே 1875-இல் அத்துறை உருவாகக் காரணங்கள். அதன் நிலையங்கள் நாள்தோறும் மழையையும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் பதிந்துவந்தன. அந்தந்த ஆண்டுக் கணக்கில் அதற்கு இலாபம் காட்ட இயலாது.

ஆயினும், 1904-இல் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சேர்ந்த பல்லாண்டுப் பதிவுகளை ஒப்பிட்டே, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கிடையிலான காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். எல் நினோ பற்றிய இன்றைய புரிதலுக்கு அது அடிப்படை.

‘இவ்வாண்டு என்ன பயன்?’ என்று மட்டுமே கேட்டு அரசு ஆய்வகங்களுக்கு நிதி ஒதுக்குவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். அளக்காமல் விட்ட நாளைப் பின்னர் எவராலும் அளக்க முடியாது. தலைமுறைகள் கடந்து காத்திருக்கத் தனியார் முதலீடு முன்வராது. காத்திருப்பது அரசின் கடமை.